ஓர் உறைக்குள் இரண்டு கத்தி

ராத்திரி இரண்டு மணி இருக்கும். 2004-ம் வருடம். அப்பாவை ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்து உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். சற்று நேரத்தில் இளம் டாக்டர் ஒருவர் வெளியே வந்து, “என்னென்ன மாத்திரை சாப்பிடறார்? எத்தனை மில்லிகிராம்?” என்று கேட்டார்.

அந்தப் பதற்றத்திலும் எனக்குள் ஒரு சின்னப் பெருமிதம்! இப்படி ஒரு தருணத்துக்காகத்தானே அதை வாங்கினேன்? இடுப்பு பெல்ட்டில், தோல் உறைக்குள், போலீஸ்காரர் துப்பாக்கி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. மொபைல் போனும் ஆர்கனைசரும் சேர்ந்த கருவி. அமெரிக்காவிலிருந்து நண்பர் வாங்கிவந்து தந்தது. பிராண்ட் பெயர் வேண்டாம், விடுங்கள். அப்பாவின் மாத்திரைப் பட்டியல், தம்பியின் புது பெங்களூர் நம்பர், இன்ஷூரன்ஸ் பாலிசி எண் என்று சகலமும் அதற்குள். ஸ்டைலஸ் குச்சியை உருவி ஸ்டைலாகத் திரையைத் தட்டினேன்.

இருட்டு. சார்ஜ் தீர்ந்துபோயிருந்தது. முந்தின இரண்டு நாளும் ஒரு கல்யாண வீட்டில் இருந்தேன். சார்ஜ் செய்ய மறந்திருக்கிறேன்.

ஓடிப்போய்க் காரிலிருந்த சார்ஜரை எடுத்துவந்து, நர்ஸ் மேஜைக்குப் பக்கத்தில் கெஞ்சிக் கூத்தாடிச் செருகினேன். ஐந்து நிமிடம் கழித்துத் திரை ஒளிர்ந்தது. அப்பாடா! ஆனால், அது பேசிய பேச்சு இருக்கிறதே... ‘நல்வரவு! உங்கள் மொழி என்ன? இந்தக் கூட்டல் குறியின் நடுவில் தொடுங்கள். இன்றைக்கு என்ன தேதி?’

எனக்குப் பகீரென்றது. என்னைப் பார்த்துத் தேதி கேட்கிறது! அப்போதுதான் பிறந்த குழந்தை மாதிரி விழித்துக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு பெயர் இல்லை. ஒரு நம்பர் இல்லை. இரண்டு வருடமாக நான் குச்சியால் குத்திக் குத்திச் சேர்த்த அத்தனையும் போயே போச்சு.

தம்பியின் நம்பர் எனக்கு மனப்பாடமில்லை. மனப்பாடமாக இருந்தது ஒரே ஒரு எண்தான். வீட்டு லேண்ட்லைன். ஆஸ்பத்திரி வாசலில் இருந்த ஒரு ரூபாய் காயின் போனில் அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மா மாத்திரை அட்டைகளை எடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒவ்வொரு இங்கிலீஷ் எழுத்தாகக் கூட்டிப் படித்தாள். தம்பி நம்பர்? பாத்திரக்கடைக் காலண்டரின் பின்னால் பென்சிலில் எழுதி வைத்திருந்தாள். சொல்லிவிட்டுக் கேட்டாள்: “ஏண்டா, உன்னோட அந்தப் பெரிய போன்ல இதெல்லாம் இல்லையா?”

அப்பா நாலாம் நாள் வீடு திரும்பிவிட்டார். அதற்கப்புறம்தான் ரிச்சி தெருவுக்குப் போனேன். கடைப் பையன் கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு, ரொம்ப நிதானமாகச் சொன்னான்: “சார், இது ரிப்பேர் இல்ல சார். இது அப்படித்தான்!”

பணம் கொடுத்து வாங்கிய ஒரு பொருள், சார்ஜ் தீர்ந்தால் தன் எஜமானனையே மறந்துபோகுமாம். அது கோளாறு இல்லையாம்! ஏன் அப்படிச் செய்தார்கள் என்று தேடப்போனபோதுதான் ஒரு சுவாரஸ்யமான கதை கிடைத்தது. போனையும் ஆர்கனைசரையும் ஒரே பெட்டிக்குள் அடைக்கப் பலர் பதினைந்து வருடம் பட்ட பாட்டின் கதை அது.

*

கதை அமெரிக்காவில், லாஸ் வேகாஸில் தொடங்குகிறது. 1992 நவம்பர். காம்டெக்ஸ் என்கிற பிரம்மாண்டமான கம்ப்யூட்டர் கண்காட்சி. ஐ.பி.எம். அரங்கில் ஃபிராங்க் கனோவா என்கிற இன்ஜினீயர் ஒரு கறுப்புக் கட்டியைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். அதில் போன் பேசலாம். முகவரிகளைச் சேர்த்து வைக்கலாம். காலண்டர் பார்க்கலாம். பட்டன்கள் கிடையாது, திரையைத் தொட்டால் போதும். கூட்டம் அசந்துபோனது.

அசந்துபோன கூட்டம் கடைக்கு வந்து வாங்க இரண்டு வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது. ‘சைமன்’ என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். தயாரித்துக் கொடுத்தது ஜப்பானின் மிட்சுபிஷி. விற்றது பெல்சவுத் என்கிற அமெரிக்க போன் கம்பெனி. 1994 மே மாதம் வரவேண்டியது, மென்பொருளில் சிக்கல் என்று தள்ளிப்போய், ஆகஸ்ட் 16-ம் தேதிதான் கடைக்கு வந்தது. விலை, இரண்டு வருட ஒப்பந்தத்தோடு 899 டாலர்.

இன்றைய ஸ்மார்ட்போன்களுக்கெல்லாம் கொள்ளுத்தாத்தா சைமன்தான். ஃபேக்ஸ் அனுப்பும், இ-மெயில் படிக்கும், திரையிலேயே கீபோர்டு காட்டும். சும்மா சொல்லக்கூடாது, 1994-ல் இது மாயாஜாலம்.

ஆனால், வாங்கியவர்கள் நிலைமை? எட்டு அங்குல நீளம். அரை கிலோ எடை. கிட்டத்தட்ட ஒரு செங்கல்! சட்டைப் பையில் வைத்தால் பை கிழியும். ஒருமணி நேரம் பேசினால் பேட்டரி காலி. பேசாமல் சும்மா வைத்திருந்தாலும் ராத்திரிக்குத் தாங்காது. எந்த இடத்தில் யாரைப் பார்க்கவேண்டும் என்பதைக் காலையில் சைமனிடம் எழுதி வைத்தால், சாயந்திரம் அதைக் கேட்பதற்கு சைமன் உயிரோடு இருக்கமாட்டார்.

சுமார் 50,000 சைமன்கள் விற்றன. 1995 பிப்ரவரியில் கடையைக் கட்டிவிட்டார்கள். ஆறே மாத ஆயுள்.

சைமனைக் கொன்றது எது? பேட்டரியும் எடையும் என்று சொல்லலாம். தப்பில்லை. ஆனால், அடிப்படை வேறு. போனும் ஆர்கனைசரும் பார்க்கத்தான் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். குணத்தில் இரண்டும் ஜென்ம விரோதிகள்.

யோசித்துப் பாருங்கள். போன் காதுக்கானது. ஆர்கனைசர் கண்ணுக்கானது. “வர்ற வியாழக்கிழமை ஃப்ரீயா?” என்று எதிர்முனையில் ஒருத்தர் கேட்டால், காலண்டரைப் பார்க்க அதைக் காதிலிருந்து எடுக்கவேண்டும். எடுத்தால் அவர் பேசுவது கேட்காது. காதில் வைத்தால் காலண்டர் தெரியாது!

போனை ஒரு கையால் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் தொங்கலாம். ஆர்கனைசருக்கு ஒரு கையில் கருவி, இன்னொரு கையில் குச்சி என்று இரண்டு கையும் வேண்டும்.

போன் சின்னதாக இருந்தால்தான் அழகு. ஆர்கனைசருக்குத் திரை பெரிதாக இருக்கவேண்டும். போன் எப்போதும் விழித்திருந்து டவரோடு பேசிக்கொண்டே இருக்கும், மின்சாரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். ஆர்கனைசர் கேட்டால் மட்டும் கண் திறக்கும், வேலை முடிந்ததும் தூங்கிவிடும்.

ஓர் உறைக்குள் இரண்டு கத்தி போட்டால் என்ன ஆகும்? ஒன்றை ஒன்று உரசி இரண்டும் மழுங்கும். அதுதான் நடந்தது.

*

இதை முதலில் சரியாகப் புரிந்துகொண்டவர், போனைத் தொடவே மறுத்த ஒரு மனிதர். பெயர் ஜெஃப் ஹாக்கின்ஸ்.

1992-ல் பாம் கம்ப்யூட்டிங் என்கிற கம்பெனியை ஆரம்பித்தார். முதலில் அவர் சம்பந்தப்பட்ட ‘ஜூமர்’ என்கிற கையடக்கக் கருவி படுதோல்வி. அதே 1993-ல் ஆப்பிள் கொண்டுவந்த ‘நியூட்டன்’ அதைவிடப் பெரிய கேலிப்பொருள். கையெழுத்தைப் படிக்கும் என்று விளம்பரம் செய்தார்கள். நாம் ஒன்று எழுத, அது வேறொன்று படித்தது. பத்திரிகைகளில் கார்ட்டூன் போட்டுக் கிழித்தார்கள்.

மற்றவர்கள், ‘இன்னும் என்னென்ன வசதிகளைச் சேர்க்கலாம்?’ என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, ஹாக்கின்ஸ் ஜூமரை வாங்கியவர்களிடமே போய் விசாரித்தார். விடை எளிமையாக இருந்தது. அவர்கள் கம்ப்யூட்டருக்கு மாற்றாக ஒன்றைத் தேடவில்லை. பாக்கெட் டைரிக்கு மாற்றாக ஒன்றைத் தேடினார்கள். ஆக, போட்டி கம்ப்யூட்டரோடு அல்ல. காகிதத்தோடு!

உடனே என்ன செய்தார் தெரியுமா? கேரேஜுக்குப் போய், சட்டைப் பைக்குள் நுழைகிற அளவில் ஒரு மரக்கட்டையை அறுத்தார். அதைப் பையில் போட்டுக்கொண்டு ஆபீஸ் போனார். “நாளைக்கு லஞ்ச்சுக்கு வர முடியுமா?” என்று யாராவது கேட்டால், மரக்கட்டையை வெளியே எடுத்து, ஒரு குச்சியால் அதைத் தட்டி, காலண்டர் பார்ப்பது போல பாவனை செய்வார். பார்த்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்! ஆனால், அவருக்கு அது விளையாட்டில்லை. எதற்கெல்லாம் அதைப் பையிலிருந்து எடுக்கத் தோன்றுகிறது, எத்தனை தட்டு தேவை என்று அளந்துகொண்டிருந்தார்.

1996 மார்ச்சில் ‘பைலட்’ வந்தது. 299 டாலர். நாலே வேலைதான் உருப்படியாகச் செய்யும்... தேதிப் புத்தகம், முகவரி, செய்யவேண்டியவை, குறிப்புகள். டி.வி. ரிமோட்டில் போடுகிற மாதிரி இரண்டு சின்ன பேட்டரி போட்டால் வாரக்கணக்கில் ஓடும். கையெழுத்தைப் படிக்கிற வம்பே வேண்டாம் என்று, ‘கிராஃபிட்டி’ என்கிற சுலபமான எழுத்து முறையை ஹாக்கின்ஸ் உருவாக்கினார். மனிதன் எழுதுவதைக் கருவி கற்றுக்கொள்வதற்குப் பதில், கருவிக்குப் புரிகிற மாதிரி மனிதன் எழுதக் கற்றுக்கொள்ளட்டும்! ஜனங்கள் சந்தோஷமாகக் கற்றுக்கொண்டார்கள். ஒன்றரை வருடத்தில் பத்து லட்சம் விற்றது.

இந்த இடத்தில்தான் என் ஆஸ்பத்திரி ராத்திரிக்கான விதை இருக்கிறது. கவனியுங்கள்.

பைலட்டில் நாம் எழுதியதெல்லாம் எங்கே இருந்தது? ‘ராம்’ எனப்படும் தற்காலிக நினைவகத்தில். மின்சாரம் இருக்கிறவரை ஞாபகம் இருக்கும். நின்றால் சிலேட்டை அழித்த மாதிரி. பேட்டரியை மாற்றும்போது ஒரு நிமிடம் மட்டும் மின்சாரத்தைப் பிடித்துவைக்க ஒரு சின்னப் பாகம் உண்டு. அதற்குள் புதிய பேட்டரியைப் போட்டுவிடவேண்டும்.

ஆபத்தான ஏற்பாடாகத் தெரிகிறதா? அன்றைக்கு அது புத்திசாலித்தனம். அழியாத நினைவகம் விலை அதிகம். ராம் வேகமானது, தட்டினால் உடனே பதில் வரும். தவிர, பேட்டரிதான் வாரக்கணக்கில் வருகிறதே! போதாக்குறைக்கு, மேஜைமேல் ஒரு தொட்டில். பைலட்டை அதில் உட்கார வைத்து ஒரு பட்டனை அழுத்தினால், எல்லாம் கம்ப்யூட்டருக்குள் ஒரு பிரதி ஏறிவிடும். மறதியும் உண்டு, மறதிக்கு மருந்தும் உண்டு. போன் உள்ளே நுழையாதவரை எல்லாம் சரியாகவே இருந்தது.

*

ஆனால், பாக்கெட்டில் இரண்டு கருவிகள் உறுத்த ஆரம்பித்துவிட்டன. பைலட் பிரபலமான அதே 1996-ல் மோட்டோரோலா ‘ஸ்டார்டாக்’ என்கிற மடக்குப் போனைக் கொண்டுவந்தது. எடை 88 கிராம்தான். கௌரவமான ஆசாமி என்றால் ஒரு பையில் போன், மறு பையில் ஆர்கனைசர். ஆர்கனைசரில் நம்பரைப் பார்த்து, போனில் அதை ஒவ்வொன்றாக அழுத்தவேண்டும். ‘ரெண்டையும் ஒண்ணாக்கக் கூடாதா?’ என்கிற கேள்வி, எல்லோர் வாயிலும் வந்தது.

ஃபின்லாந்தின் நோக்கியா அதே வருடம் ஒரு பதில் சொன்னது. ‘9000 கம்யூனிகேட்டர்’. வெளியே பார்த்தால் போன். ஜியாமெட்ரி பாக்ஸ் மாதிரி திறந்தால் உள்ளே நீளத் திரை, முழு கீபோர்டு. எடை 397 கிராம்! ஸ்டார்டாக் நாலைச் சேர்த்தாலும் அதைவிடக் குறைவுதான். பெரிய அதிகாரிகள் வைத்துக்கொண்டார்கள். அவர்கள் பெட்டி தூக்க வேறு ஆள் இருந்தார்கள்.

குவால்காம் 1999-ல் பாம் ஆர்கனைசரையும் போனையும் சேர்த்து ‘பிடிக்யூ’ என்று ஒன்றைக் கொண்டுவந்தது. பட்டன் பலகையை மடக்கித் திறந்தால் உள்ளே பாம் திரை. கையில் பிடித்தால் கல்லைப் பிடித்த மாதிரி இருந்தது.

பிளாக்பெர்ரி கதை இன்னும் வேடிக்கை. இ-மெயில் கருவியாகப் புகழ்பெற்ற பிளாக்பெர்ரிக்குள் 2002-ல் முதன்முதலாக போன் வந்தது. மாடல் 5810. அதில் ஒரே ஒரு சின்னக் குறை. காதில் வைத்துப் பேச முடியாது! உள்ளே மைக்கும் கிடையாது, காதுக்கான ஸ்பீக்கரும் கிடையாது. ஒயர் செருகிய ஹெட்செட் இருந்தால்தான் பேச்சு. போன் அடிக்கும்போது ஹெட்செட்டை வீட்டில் மறந்திருந்தால், யார் கூப்பிடுகிறார்கள் என்று பார்த்து ரசிக்கலாம். அவ்வளவுதான்!

பாம் என்ன ஆயிற்று? கம்பெனி கை மாறி, யு.எஸ். ரோபோடிக்ஸிடம் போய், அங்கிருந்து 1997-ல் 3காம் என்கிற பெரிய நிறுவனத்திடம் போனது. பெரிய இடத்து மருமகளாக இருப்பது பிடிக்காமல் ஹாக்கின்ஸும் சகாக்களும் 1998-ல் வெளியேறி, ‘ஹேண்ட்ஸ்ப்ரிங்’ என்று புதுக் கம்பெனி தொடங்கினார்கள்.

அவர்கள் போனபிறகு பாம் அடைந்த உச்சம் நம்பமுடியாதது. 2000 மார்ச் 2-ம் தேதி பங்குச் சந்தைக்கு வந்தது. 38 டாலர் பங்கு, அன்றே 165 டாலர் வரை பறந்து 95-ல் நின்றது. பாமின் பெரும்பான்மைப் பங்குகளை வைத்திருந்த 3காமின் மொத்த மதிப்பே, அதன் கையிலிருந்த பாம் பங்குகளின் மதிப்பைவிடக் குறைவாகிவிட்டது. பானைக்குள் இருந்த அரிசி, பானையும் அரிசியும் சேர்ந்த விலையைவிட அதிகம்! பொருளாதாரப் பேராசிரியர்கள் இந்தக் கூத்தை வைத்து ஆராய்ச்சிக் கட்டுரையே எழுதினார்கள். கொஞ்ச நாளில் டாட்காம் பலூன் வெடிக்க, பாமும் தரைக்கு வந்தது.

இதற்கிடையில், போனைத் தொடாத ஹாக்கின்ஸ் போனுக்கு வந்துவிட்டார். முதலில், ஆர்கனைசரின் முதுகில் செருகிக்கொள்கிற மாதிரி ஒரு போன். பிறகு 2002-ல் ‘ட்ரியோ’. இந்த முறை அவர் ஒரு துணிச்சலான காரியம் செய்தார். தானே கண்டுபிடித்து, லட்சக்கணக்கானவர்கள் கற்றுக்கொண்டிருந்த கிராஃபிட்டி எழுத்தைத் தள்ளிவைத்துவிட்டு, கட்டைவிரலால் தட்டுகிற குட்டி கீபோர்டுக்கு மாறினார். ஏன்? போன் ஒற்றைக் கை ஆசாமி. குச்சி பிடிக்க அதனிடம் இன்னொரு கை கிடையாது. இது புரிந்ததால், 2003-ல் வந்த ‘ட்ரியோ 600’ நிஜமாகவே நல்ல பெயர் வாங்கியது. அந்த வருடமே பாமும் ஹேண்ட்ஸ்ப்ரிங்கும் மறுபடி ஒன்றாகிவிட்டன. பிரிந்த குடும்பம் சேர்ந்தது. சுபம் போட்டுவிடலாமா?

ம்ஹும். உறைக்குள் உரசல் இருக்கிறதே!

*

பைலட்டின் ஏற்பாடு ஞாபகமிருக்கிறதா? பேட்டரி வாரக்கணக்கில் வரும் என்கிற நம்பிக்கையில்தான், அழிகிற நினைவகத்தை வைத்தார்கள். பக்கத்தில் போனைக் குடிவைத்ததும் அந்த நம்பிக்கை பொய்த்துப்போனது. டவரைத் தேடித் தேடியே போன் ஓரிரு நாளில் மின்சாரத்தைக் காலி செய்தது. சிக்னல் பலவீனமான இடம் என்றால் இன்னும் சீக்கிரம். பேட்டரி மொத்தமாக வடிந்தால், பக்கத்து வீட்டுக்காரரான ஆர்கனைசரின் மூளை காலி. செலவு செய்தது ஒருவர், திவாலானது இன்னொருவர்! மைக்ரோசாஃப்டின் பாக்கெட் பி.சி. போன்களிலும் இதே கதைதான். 2005-ல் விண்டோஸ் மொபைல் 5 வந்த பிறகே அங்கே இதற்கு விடிவு வந்தது.

ரிச்சி தெருப் பையன் சொன்ன ‘இது அப்படித்தான்’ என்பதன் அர்த்தம் இதுதான். அது யாருடைய கவனக்குறைவும் அல்ல. ஆர்கனைசருக்குச் சரியாக இருந்த ஒரு முடிவு, போனோடு சேர்ந்ததும் விஷமாகிவிட்டது.

இன்னொன்றும் உண்டு. ஆர்கனைசரில் ஒரு புரோகிராம் தகராறு செய்தால், ரீசெட் செய்துவிட்டுப் போகலாம். நஷ்டமில்லை. அதே தகராறு போனோடு சேர்ந்த பெட்டியில் வந்தால், பேசிக்கொண்டிருக்கும்போதே லைன் அறுந்து கருவி மறுபிறவி எடுக்கும். மறுமுனையில் இருப்பவர், நாம் கோபத்தில் வைத்துவிட்டதாக நினைத்துக்கொள்வார். ‘சாதா போன் வெச்சிருந்தப்ப இந்தத் தொல்லை இல்லையே’ என்று புலம்பாதவர்கள் குறைவு.

சரி, அழியாத நினைவகத்தைப் போடவேண்டியதுதானே? போட்டார்கள். 2004 கடைசியில் ‘ட்ரியோ 650’. இனிமேல் சார்ஜ் போனாலும் ஞாபகம் போகாது. ஆனால், பழைய ட்ரியோவிலிருந்து தகவல்களை மாற்றியவர்களுக்கு ஓர் அதிர்ச்சி. அதே பெயர்கள், அதே குறிப்புகள், புதுப் போனில் கொள்ளவில்லை! காரணம், புதிய நினைவகம் லாட்ஜ் மாதிரி வேலை செய்தது. ஒற்றை ஆள் வந்தாலும் முழு ரூம் ஒதுக்கவேண்டும். குட்டிக் குட்டியாக ஆயிரம் குறிப்பு இருந்தால் ஆயிரம் ரூம் காலி. கம்பெனி மன்னிப்புக் கேட்காத குறையாக, இலவச மெமரி கார்டு கொடுத்துச் சமாதானம் செய்தது.

இப்படி ஒவ்வொரு ஓட்டையாக அடைத்துக்கொண்டிருந்தபோது, 2006 நவம்பரில் பாமின் தலைவர் எட் காலிகனிடம், ஆப்பிள் போன் செய்யப்போகிறதாமே என்று கேட்டார்கள். ஓர் உருப்படியான போன் செய்வதற்குள் நாங்கள் பல வருடம் திண்டாடியிருக்கிறோம், கம்ப்யூட்டர்காரர்கள் சட்டென்று உள்ளே வந்து சாதித்துவிட முடியாது என்கிற அர்த்தத்தில் பதில் சொன்னார். பின்னாளில் இதை வைத்து அவரை ரொம்பவே கிண்டல் செய்தார்கள். எனக்கென்னவோ பாவமாக இருக்கிறது. அவர் சொன்னது அகம்பாவம் மட்டுமல்ல, அடிபட்டவரின் அனுபவமும்கூட.

இரண்டே மாதத்தில், 2007 ஜனவரி 9-ம் தேதி ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபோனைக் காட்டினார். குச்சியும் இல்லை, குட்டி கீபோர்டும் இல்லை. விரல் போதும். போனைக் கன்னத்தருகே கொண்டுபோனால், ஒரு சென்சார் அதை உணர்ந்து திரையை அணைத்துவிடும். கண்ணுக்கான பெட்டி, காதருகே போனதும் காதுக்கானதாக மாறிக்கொண்டது. சைமன் காலத்துச் சண்டையில் ஒன்று தீர்ந்தது. நினைவகமும் அழியாத வகை.

குறையே இல்லையா? ஏன் இல்லை? ஓரிடத்தில் இருக்கும் எழுத்தை வெட்டி இன்னோரிடத்தில் ஒட்டுகிற வசதி 1996-ம் வருட பைலட்டிலேயே இருந்தது. ஐபோனுக்கு அது 2009-ல்தான் வந்தது. இருந்தும் ஜனங்கள் மன்னித்தார்கள். பாமை மன்னிக்கவில்லை. 2010-ல் ஹெச்.பி. நிறுவனம் 120 கோடி டாலருக்கு பாமை வாங்கியது. அடுத்த வருடமே அந்தக் கருவிகளை நிறுத்திவிட்டது. 2000-ல் ஒரே நாளில் 5,000 கோடி டாலருக்கு மேல் மதிப்புப் போட்ட கம்பெனி!

*

இப்போது ஒரு கேள்வி. சைமனைக் கொன்ற பேட்டரிப் பிரச்னையை ஐபோன் எப்படித் தீர்த்தது?

தீர்க்கவே இல்லை! இரண்டு பேட்டரியில் வாரக்கணக்கில் ஓடியது பைலட். முதல் ஐபோனைத் தினசரி சார்ஜ் செய்யவேண்டியிருந்தது. இன்றைக்கும் அதே கதைதான். மாறியது கருவி அல்ல, நாம். தினமும் ராத்திரி அதற்குச் சோறு ஊட்டப் பழகிக்கொண்டோம். ரயில் பெட்டியில் பிளக் பாயின்ட் தேடுகிறோம், பவர் பேங்க் சுமக்கிறோம். கருவிக்குப் புரிகிற மாதிரி மனிதன் எழுதக் கற்றுக்கொள்ளட்டும் என்று ஹாக்கின்ஸ் அன்றைக்கு முடிவு செய்தாரே, அதன் தொடர்ச்சிதான் இது.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். என் இன்றைய போனின் சார்ஜ் தீர்ந்தால் தகவல் அழியாது. எங்கோ தூரதேசத்து கம்ப்யூட்டரில் பத்திரமாகப் பிரதி இருக்கிறது. 2004-ல் நடந்தது மறுபடி நடக்காது. ஆனால், ராத்திரி இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் திரை இருட்டாக இருக்கும்போது, அந்தப் பிரதி எனக்கு என்ன பிரயோஜனம்? அன்றைக்கு அதில் போனும் டைரியும் மட்டும்தான் இருந்தன. இன்றைக்கு பர்ஸ், பாங்க், ரயில் டிக்கெட், ஆதார் எல்லாமே ஒரே உறைக்குள்.

அன்று என்னைக் காப்பாற்றியவை மூன்று. ஒரு ரூபாய் காயின் போன், மனப்பாடமாக இருந்த லேண்ட்லைன் நம்பர், அம்மாவின் காலண்டர். காயின் போன் எங்கேயும் கண்ணில் படுவதில்லை. லேண்ட்லைனைச் சரண்டர் செய்து பல வருடமாகிவிட்டது. அம்மாவும் இப்போது போனில்தான் தேதி பார்க்கிறாள்.

அதனால், ஒரு காரியம் செய்தேன். என் பர்ஸில் நாலாக மடித்த ஒரு காகிதம் இருக்கிறது. பால்பாயின்ட் பேனாவில் எழுதியது. அம்மா சாப்பிடும் மாத்திரைகள், எத்தனை மில்லிகிராம், எந்த வேளை. கீழே தம்பியின் நம்பர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதிதாக எழுதி மாற்றுகிறேன்.

போன வாரம் தம்பி அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். “ஏண்ணா, போன்ல போட்டு வெச்சுக்கக் கூடாதா?” என்றான்.

போட்டுத்தான் வைத்திருக்கிறேன். காகிதமும் இருக்கட்டும்.